ஒரே வரிதான் மாற்றினேன்

அலுவலகத்தில் அவரை எல்லாரும் செட்டிங்ஸ் அக்கா என்பார்கள். அன்பாகத்தான் வைத்தார்கள், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி புரோகிராம் எழுத வந்தவர். சோதனைக் காலம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஒரு கோளாறைச் சரிசெய்து காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. பஸ் முன்பதிவில் ஒரே இருக்கை சில நேரம் இரண்டு பேருக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கோளாறு.

ஆனால் புரோகிராமை அடித்து எழுத ஒரு மென்பொருள், ஓர் எடிட்டர் வேண்டுமே. பக்கத்து மேஜைக்காரர் கருப்புத் திரையில், மவுஸைத் தொடாமலேயே எழுதுபவர். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் எலிவிரோதி.

"இதைப் பழகிட்டீங்கன்னா வேற எதையும் தொடமாட்டீங்கக்கா."

"பழக எவ்வளவு நாளாகும்?"

"எனக்கு இன்னும் ஆகிட்டிருக்கு."

பயந்துபோய், எல்லாவற்றையும் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற எடிட்டரை எடுத்தார், நேரம் மிச்சமாகும் என்று. எழுத்தின் அளவு, பின்னணி நிறம், குறுக்குவழி விசைகள் என்று ஒவ்வொன்றாக மாற்றியதில் மிச்சமாகவேண்டிய நேரமும் சேர்ந்து போயிற்று. கோளாறு நினைவுக்கு வரும்போதெல்லாம் நிறத்தை மாற்றினார்.

"வேலை எப்படிப் போகுது?" என்றார் கணவர்.

"எழுத்து நல்லா தெளிவா தெரியுதுங்க."

"அது சரி, என்ன எழுதின?"

டிபன் பாக்ஸை இரண்டு தடவை மூடினார்.

வியாழக்கிழமை ஒருவழியாகக் கோளாறு பிடிபட்டது. பணம் கட்டும் நொடியில் இருக்கை இன்னும் காலியா என்று திரும்பக் கேட்கவேண்டும். ஒரே வரி. எழுதினார், சேவ் செய்தார், அனுப்பினார்.

மறுநாள் காலை டீம் லீட் எல்லாரையும் பெரிய திரை முன்னால் கூப்பிட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும் அம்மையார் அவர். அக்கா மாற்றிய இடம் மட்டும், பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலுமாகத் தெரியவேண்டும். தலை முதல் கால்வரை சிவப்பும் பச்சையுமாகவே இருந்தது.

"ஃபைல் முழுக்கவா மாத்தினீங்க?" குரல் மிக மெதுவாக வந்தது.

"இல்ல மேடம், ஒரே வரிதான் மாத்தினேன்."

லீட் திரையை உருட்டினார். முடியவே இல்லை. எலிவிரோதி இருமினார்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. சேவ் செய்யும்போதெல்லாம் இடைவெளிகளைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் வசதியைச் செவ்வாய்க்கிழமை போட்டு வைத்திருந்தார். பல பேர் பல வருடம் எழுதியதையெல்லாம் அது கேட்காமலே சீவி முடித்துவிட்டிருந்தது. அந்த அழகுக்குள் தன் வரி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

"பழைய ஃபைலத் திறங்க மேடம். இங்கயே எழுதிடறேன்."

லீட்டின் கணினியில் இருந்தது எந்த அலங்காரமும் இல்லாத எடிட்டர். கை தன் எடிட்டரில் பழகிய விசையை அழுத்தியது, திரையில் எடிட்டரே மூடிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள்.

"மெதுவாக்கா" என்றார் எலிவிரோதி.

ஒற்றை விரலால், எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல அடித்தார். பிறகு ஒரே இருக்கையை இரண்டு பேர் பெயரில் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டாமவருக்குக் கிடைக்கவில்லை. லீட் நம்பாமல் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.

"சரி, நீங்க நிரந்தரம். முதல்ல அந்தச் சீவி சிங்காரிக்கறத அணைங்க."

இருக்கைக்கு வந்து செட்டிங்ஸைத் திறந்தார். அந்தச் சீவும் வேலையைச் செய்வதாகச் சொன்ன வசதிகள் மூன்று இருந்தன. மூன்றையும் அணைத்தார். ஃபைலைத் திறந்து ஒரு வரியை மாற்றினார். சேவ் விசைமேல் வைத்த விரல் இறங்க மறுத்தது.

"தம்பி, நீயே அமுக்கேன்."

எலிவிரோதி அமுக்கினார். மாறிய வரிகளைக் கீழ்வரை உருட்டிப் பார்க்க அக்காவின் எடிட்டரில் வேறு வழி தெரியாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார்.

"ஒரே வரிதான்க்கா."

"இன்னொரு தடவை பாரு."