பாப்பாரப்பட்டி வழியாக ஒகேனக்கல்: நிவேதாவும் நானும் இரண்டு சைக்கிள்களும்

எங்கள் மகள் நிவேதாவுக்குப் பதின்மூன்று வயது. ஒன்பது வயதில் டைப் ஒன் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. சென்ற ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தில் அவளைச் சேர்க்கவில்லை. ஓடும்போது மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நான் எவ்ளோ தூரம் போவேன்னு நாமளே போய்ப் பாத்துரலாமாம்மா?" என்று கேட்டாள். அப்படித்தான் இந்தப் பொங்கல் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, தருமபுரியிலிருந்து ஒகேனக்கலுக்குச் சைக்கிளில் கிளம்பினோம்.

எனக்கு வயது நாற்பத்தொன்று, நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. தம்பியின் கியர் சைக்கிளை வாங்கி இரண்டு மாதம் காலையில் ஓட்டிப் பழகினேன். முதல் வாரம் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. நிவேதா எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். அவளுடைய மருத்துவரிடம் முன்பே போய், எங்கே எப்போது சர்க்கரை பார்ப்பது, அன்று இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்றெல்லாம் கேட்டுக்கொண்டோம். அந்த அளவை இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொரு உடம்புக்கும் அது வேறு.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழியிலுள்ள பென்னாகரத்துக்கு நேர்ச்சாலை இருக்கிறது. ஆனால் பேருந்துக் கூட்டம் குறைவு என்று பாப்பாரப்பட்டி வழியைப் பிடித்தோம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சரக்கு வண்டி ஓட்டும் என் கணவர், ஒசூரில் லோடு இறக்கிவிட்டுத் தன் குட்டி யானை வண்டியோடு மதியம் ஒகேனக்கல் வந்து எங்களை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

ஜனவரிப் பனியில் விரல்கள் விறைத்துப் போயின. ஏழு மணிக்குப் பாப்பாரப்பட்டியில் ஒரு இட்லிக் கடையில் நிறுத்தினோம். ஆறு இட்லியும் இரண்டு டீயும் எழுபத்தைந்து ரூபாய். நிவேதா பையிலிருந்து மீட்டரை எடுத்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்ததைக் கடைக்கார அம்மா கவனித்துவிட்டார். இந்த வயசுலயா என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா முந்திக்கொண்டாள்.

"எனக்கு உடம்புல இன்சுலின் சுரக்காதுங்க. வெளியிலிருந்து போட்டுக்கிறேன். மத்தபடி எல்லாம் நல்லா இருக்குதுங்க."

 அந்த அம்மா, தன் தங்கை மகனுக்கும் இதேதான், வூட்டைவிட்டு வெளியே அனுப்புவதே இல்லை என்றார். இன்னொரு இட்லியை எடுத்து வைத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் வரை மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். பென்னாகரம் தாண்டியதும் கொஞ்ச நேரம் நல்ல ஓட்டம். பெங்களூரிலிருந்து சைக்கிளில் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று கையாட்டிவிட்டுக் கடந்து போனது. நிவேதா அவர்களை விடாமல் துரத்தினாள். நான் பின்தங்கிவிட்டேன்.

மலையிறக்கத்துக்குச் சற்று முன்னால், வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில், அவள் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பத்து கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. காலையிலிருந்து அவள் காத்திருந்ததே இந்த இறக்கத்துக்குத்தான். அந்தக் கூட்டம் சத்தம் போட்டபடி அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கை நடுங்குதும்மா. அதான் நின்னுட்டேன்."

மீட்டர் அறுபத்து நான்கு காட்டியது; எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. நெற்றியெல்லாம் வியர்வை. அவளே குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். நான் கைபேசியை எடுத்துவிட்டேன். வண்டி இங்கேயே வரட்டும், இவ்வளவு தூரம் வந்ததே போதும் என்று சொன்னேன். 

"பதினஞ்சு நிமிஷம் பாக்கலாம்மா. ஏறலைன்னா நீ அப்பாவக் கூப்புடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சோதனைச் சாவடியில் இருந்தவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். காத்திருந்தோம். எண்பத்தொன்று. பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டாள். குரங்குகள் வேறு சுற்றி வளைத்துக்கொண்டன. இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். நூற்று இருபத்திரண்டு. நடுக்கம் நின்று, முகம் தெளிந்திருந்தது. கைபேசியைப் பையில் போட்டேன்.

வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மற்றவர்கள் எல்லாம் இறங்கும்போது, தானாகவே பிரேக்கைப் பிடித்து நிற்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும். ஒகேனக்கலை அடைந்ததைவிட அந்த நிறுத்தம்தான் எனக்குப் பெரிது. இதை யாரிடம் வேண்டுமானாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

மெதுவாக இறங்கினோம். பதினொன்றரைக்கு அருவியின் இரைச்சல் கேட்டது. மீன் வறுவல் ஒரு தட்டு நூற்றைம்பது ரூபாய். நிவேதா தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றாள். நான் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வெயில் ஏறுமுன் பென்னாகரம் தாண்டிவிடுங்கள். காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாயும் நேரத்தில் சைக்கிள் வேண்டாம். மலைப்பாதையில் கைபேசி சிக்னலை நம்பாதீர்கள். இறங்குமுன் பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். திரும்ப ஏறுவது கடினம், வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ள பிள்ளையோடு போனால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். குளுக்கோஸ் பிள்ளையின் பையிலும் இருக்கட்டும், உங்கள் பையிலும் இருக்கட்டும். அன்றிரவும் சர்க்கரை இறங்கலாம், தூங்குமுன் பாருங்கள்.

மறுநாள் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலில் படுத்திருந்தேன். அடுத்த அறையில் நிவேதா தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய பயணத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்கம்மா அம்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுச்சுடி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நெசமாத்தான்டி. வேணும்னா வூட்டுக்கு வந்து பாரு, இன்னும் காலை மடக்க முடியாமப் படுத்திருக்குது."