காட்டிக் கொடுத்த இமைமுடி

என் வீட்டுக்காரர் இன்று கிள்ளானில் கண் டாக்டரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

அவருக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறாமல் இருக்க தினமும் படுக்கும் முன் சொட்டு மருந்து போட வேண்டும். அந்த மருந்தில் ஒரு வேடிக்கை உண்டு. இமைமுடி நீளமாக, கருகருவென்று வளர்ந்துவிடும். நான் சலூனுக்குப் போய் ஒட்டிக்கொண்டு வந்தாலும் எனக்கு அப்படி அமையாது.

டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அங்கிள், பிரஷர் ஏறியிருக்கே. மருந்து போடுறீங்களா?"

"ஒரு நாள்கூட விடாம போடுறேன் டாக்டர்."

டாக்டர் அவர் முகத்தருகே குனிந்தார். "போன தடவை உங்க இமைமுடி மூக்குக் கண்ணாடியில இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப எப்படிச் சின்னதாச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"டீக்கடையில தே தாரிக் குடிக்கப் போனா, கூட்டாளிங்க 'மஸ்காரா போட்டிருக்கியா'ன்னு கேட்டுச் சிரிக்கிறானுங்க லா. அதான் நிறுத்திட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் அங்கிள். போன பார்வை திரும்பி வராது."

இன்று முதல் மருந்து போடும் வேலை என்னுடையது.

அந்தக் கூட்டாளிகள் எல்லாரும் இங்கே என் ஃபிரண்ட் லிஸ்டில்தான் இருக்கிறீர்கள். அவர் இமையைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள்.

சிரிக்க ஒன்றும் இல்லாமல் போனால் மட்டும், உடனே எனக்குப் போன் போடுங்கள்.