இருபத்து மூன்றாம் பொட்டலம்

வேதியியல் துறையின் ஆய்வகப் பணியாளரான அவளுக்கு உப்பக்கா என்று பெயர். சமையலுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அவள் சமைப்பதில் உப்பு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், அதைச் சொல்லிக் குறைபட வீட்டில் ஆள் கிடையாது. இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கு, இன்னதென்று தெரியாத உப்பைப் பொட்டலம் கட்டி வைப்பது இருபத்தாறு வருஷமாக அவள் வேலை. ஆளுக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்கு ஒரு எண். உள்ளே இருப்பது என்ன உலோகம், என்ன அமிலத்தின் உப்பு என்று மாணவர் ஆறு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளைப் படித்தால் எழுதினவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க வாய்ப்பில்லை என்றுதான் தோன்றும். எழுத்துத் தேர்வில் தொண்ணூறு வாங்கினாலும் செய்முறையில் தனியாக நாற்பது வாங்க வேண்டும். உப்பில் உலோகம் தப்பென்றால் உப்புக்கான ஐம்பது மதிப்பெண்ணும் மொத்தமாகச் சுழி, மிச்ச ஐம்பதில் நாற்பது தேறுவது அபூர்வம். எழுத்துத் தேர்வுக்கு மறுமதிப்பீடு உண்டு, செய்முறைக்குக் கிடையாது. அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். தவறினால் பட்டத்துக்கு இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

எந்த எண்ணில் எந்த உப்பு என்பது வெளியூர்த் தேர்வாளருக்கும் துறைத் தலைவருக்கும் உப்பக்காவுக்கும் மட்டும் தெரியும். அதனால் தேர்வு மாதம் முழுக்க அவளோடு யாரும் பேசக் கூடாது என்று ஒரு வழக்கம். மாணவர்கள் அவள் வருவதைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவார்கள். மற்றப் பணியாளர்கள் கேண்டீனில் வேறு மேஜைக்கு மாறிக்கொள்வார்கள். அவளும் உப்பை நிறுத்துக் கட்டும் தராசு அறையில் தனியாக உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு முடிப்பாள். மற்றப் பதினோரு மாதமும் அவளோடு யாரும் பெரிதாகப் பேசிவிடவில்லை என்பது வேறு விஷயம். கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

ஒரே ஒரு அக்கா இருந்தாள். அக்கா மகள் இதே துறையில்தான் படித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் செய்முறையில் தவறினாள். பொட்டலமே தப்பு சித்தி, நான் ஒழுங்காகத்தான் செய்தேன் என்று அழுதாள். என் பொட்டலம் தப்பாது, உன் கைதான் தப்பியிருக்கும் என்று உப்பக்கா பட்டென்று சொல்லிவிட்டாள். சொந்தக்காரப் பெண்ணுக்காக வளைந்து கொடுத்தாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு. அந்தப் பெண் மறுபடி தேர்வு எழுதவில்லை. ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்விட்டாள். அக்கா அன்றிலிருந்து பேச்சை நிறுத்தியவள்தான். யாராவது கேட்டால், தேர்வு வேலை, அதனால் போக்குவரத்து இல்லை என்று உப்பக்கா சமாளிப்பாள். கேட்கிறவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இந்த வருஷம் மதிப்பெண் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டிய அன்று, ஒரு மாணவி அதன் முன்னால் நின்று நகரவே இல்லை. நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் செய்முறையில் தவறியவள். கூட நின்ற தோழி, விடு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சமாதானம் சொன்னாள். உப்பக்கா ஆய்வகம் கழுவும் வாளியோடு பின்னால் போய்க்கொண்டிருந்தாள். மாணவி தோழியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"பேரியம்னு எழுதணுமாம். பேரியம் பச்சையாத்தானே எரியும்? எனக்கு ரத்தச் சிவப்பா எரிஞ்சுது. மூணு தடவை பாத்தேன். இருபத்து மூணாம் நம்பர்."

உப்பக்காவுக்கு உடனே கோபம்தான் வந்தது. தவறினவர்கள் எல்லாம் இப்படித்தான் சொல்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். ஆனால் கால் தராசு அறைக்குத்தான் போயிற்று.

முடிவு உறுதியாகும் வரை ஒவ்வொரு உப்பிலும் பாதியை எண் போட்டு ஒரு பெட்டியில் பூட்டி வைப்பது வழக்கம். அவள் இருபத்து மூன்றை எடுத்தாள். பர்னரைப் பற்றவைத்தாள். பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் நனைத்து, உப்பைத் தொட்டு, நெருப்பில் காட்டினாள். நீல ஜுவாலை சட்டென்று சிவந்தது. கம்பியைக் கழுவி மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு. ஸ்ட்ரான்சியம்.

அலமாரியைத் திறந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பொட்டலம் கட்டும்போது கதவுக் கண்ணாடி வழியாக யாரும் எட்டிப் பார்த்து எந்த ஜாடி என்று கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக, எல்லா ஜாடிகளின் பெயர்ச் சீட்டையும் அவள் எப்போதும் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்திருப்பாள். இடத்தை வைத்தே எடுப்பாள். மேல் தட்டில் இடமிருந்து நான்காவது பேரியம், ஐந்தாவது ஸ்ட்ரான்சியம். இரண்டும் வெள்ளைப் பொடி. விடுமுறையில் அலமாரிக்கு வர்ணம் அடித்தார்கள். அடித்தவர்கள் ஜாடிகளைத் திருப்பி அடுக்கும்போது நான்கும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் எடுப்பதுதானே அவளுக்கு இத்தனை வருஷப் பெருமை. நல்ல காலம், பேரியத்துக்கு அந்த வருஷம் ஒரே ஒரு பொட்டலம்தான், ஸ்ட்ரான்சியத்துக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு கூடிக் கையெழுத்துப் போடும். போட்டபின் ஆண்டவனே வந்தாலும் மதிப்பெண் மாறாது. அன்று புதன். சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கிடைக்கும், அவளிடமிருந்து தராசு அறைச் சாவி போகும். சாவி போனால் அந்தத் துறையில் அவளுக்கென்று என்ன இருக்கிறது? வாளியும் துடைப்பமும்தான். வியாழக்கிழமை முழுக்க அவள் ஏற்கெனவே கழுவின சோதனைக் குழாய்களையே எடுத்து மறுபடி மறுபடி கழுவினாள். அந்தச் சின்ன அறையும், எண் போட்ட பெட்டியும், தனக்குத் தெரியும் என்று நாற்பது பேர் தன்னைப் பார்த்து ஒதுங்கிப் போகும் அந்த ஒரு மாதமும் அவளுக்கு வேண்டியிருந்தது. இதைப் படிக்கிறவர் சிரிக்கலாம். ஆனால் ஒதுங்கிப் போகவாவது நாற்பது பேர் வேண்டாமா?

வெள்ளி காலை குழு கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கூடவே வந்து, தன் கையாலேயே கம்பியை நெருப்பில் காட்டிப் பார்த்தார். சிவப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், திட்டவில்லை. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி திட்டைவிட மோசமாக இருந்தது.

"இருபத்தாறு வருஷமா இப்படி இடத்தை வெச்சுத்தான் எடுத்தீங்களா? அப்போ இதுக்கு முன்னாடி எத்தனை தடவை மாறியிருக்கும்?"

பழைய பொட்டலங்கள் ஒன்றும் இப்போது கிடையாது. முடிவு உறுதியான மறுநாளே எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டவள் அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளின் பொட்டலத்தையும் அப்படித்தான் கொட்டினாள். பெட்டியைத் திறந்து பார்க்க அன்று ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்று சாயங்காலம் புதிய பட்டியல் ஒட்டினார்கள். அந்த மாணவி தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தேர்வாளர் ஏதோ கூட்டலில் பிசகிவிட்டார் என்று யாரோ சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். வாளியோடு கடந்து போன உப்பக்காவை அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஏன் பார்க்க வேண்டும்?

சாவியைத் துறைத் தலைவர் அவராகக் கேட்கவில்லை. அவளே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த தேர்வு மாதம் வந்தது. பொட்டலம் கட்ட இயற்பியல் துறையிலிருந்து வேறு ஒருவரைப் போட்டார்கள். சீட்டு வெளியே தெரியும்படி வைத்துத்தான் எடுக்க வேண்டும், கதவுக் கண்ணாடிக்கு உள்ளே காகிதம் ஒட்ட வேண்டும் என்று புது விதி. உப்பக்கா முதல் முறையாக அந்த மாதத்தில் கேண்டீனுக்குப் போய் நடு மேஜையில் உட்கார்ந்தாள். பணியாளர்கள் பழக்க தோஷத்தில் வேறு மேஜைக்குப் போனார்கள். மறுநாளும் போனாள். அன்றும் அப்படியே. யாரும் பேசாததற்கு இத்தனை வருஷம் வழக்கத்தின்மேல் போட்டிருந்த பழியை இனி எதன்மேல் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், போனில் அக்காவின் எண்ணை அழுத்தினாள். எண் மனப்பாடம். ஒன்பது வருஷத்தில் அழுத்தாமல் விட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. ஏழெட்டுத் தடவை மணி அடித்தபின் எடுத்தார்கள்.

"அக்கா, பரீட்சை மாசம்தான். ஆனா இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் தெரியாது. பேசலாம்."

"யாரு பேசறது?"

அக்காவின் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மற்றபடி அதே குரல். தன் குரல்தான் அந்த வீட்டில் மறந்துபோயிருந்தது. இன்னார் என்று சொன்னாள். பிறகு ஜாடிகள் இடம் மாறியது, சிவப்பாக எரிந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கும் அப்படி நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம், இனிமேல் தெரிந்துகொள்ள வழியில்லை, பெட்டியைப் பார்க்காமலே பொட்டலம் தப்பில்லை என்று சொன்னது தன் தப்பு என்றாள்.

மறுமுனையில் அக்கா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அவ இங்கதான் இருக்கா. அவகிட்டச் சொல்லு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. உப்பக்கா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"நான்தான்மா," என்றாள். "சித்தி."