குண்டன்னூர் பாலத்தில் அவள் வாங்கிய சாவி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்துக் கர்க்கடக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நானும் என் மனைவியும் கோயம்புத்தூருக்குக் கிளம்பியிருந்தோம். நான் ஓட்டினேன். பாலக்காடு தாண்டியதும் அவள் ஓட்டுவதாகப் பேச்சு.

ஆமாம், நாங்கள் இரண்டு பேருமே லாரி டிரைவர்கள்தான். எனக்கு ஸ்டியரிங் பிடித்து அப்போது இருபத்திரண்டு வருஷம். அவள் பஜாரில் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவள். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஹெவி லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த கையோடு, களமசேரியில் மூன்று நாள் வகுப்பு இருக்கிறது, போகப் போகிறேன் என்றாள். கேஸ், பெட்ரோல், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்கு ஓட்டுகிறவர்களுக்கான வகுப்பு அது. முடித்தால்தான் லைசென்ஸில் அதைத் தனியாகப் பதிந்து தருவார்கள்.

நான் சிரித்தேன். சுக்கும் மிளகும் ஏற்றுகிறவளுக்கு கேஸ் வண்டி எதற்கு என்று கேட்டேன். நாளைக்கு என்ன லோடு வரும் என்று நமக்குத் தெரியுமா என்றாள். வகுப்பு முழுக்க ஆம்பளைகள், இவள் ஒருத்திதான் பெண். சாயங்காலம் வந்து என்னிடம் கேள்வி கேட்பாள். கேஸ் கசிந்தால் காற்று வீசும் பக்கத்தில் நிற்கணுமா, எதிர்ப்பக்கத்தில் நிற்கணுமா? எனக்கு பதில் தெரியாது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

அன்றைக்குத் துறைமுகம் இருக்கும் ஐலண்ட் தாண்டி குண்டன்னூர் பாலத்தில் ஏறி பாதி தூரம் போயிருப்போம், வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஒரு கேஸ் டாங்கர் பாலத்துக்குக் குறுக்கே சரிவாக நின்றது. மூக்கு கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி, பின்சக்கரம் எதிர் லைனில். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு பைக் போகத்தான் இடம். கீழே காயல்.

டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுகர் இறங்கித் தலை சுற்றியிருக்கிறது. கண் இருட்டுவதற்குள் எப்படியோ பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டார். யாரோ சர்க்கரைத் தண்ணி கொடுத்துச் சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் நடுக்கம். சாவி மட்டும் இறுக்கிப் பிடித்த கைக்குள் இருந்தது.

கம்பெனிக்குப் போன் பண்ணியாகிவிட்டது, வேறு டிரைவர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அங்கிருந்த போலீஸ்காரர் சொன்னார். எங்கள் லாரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. உள்ளே நெஞ்சுவலியோடு ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த ஒரு மீன்காரர். ஆம்புலன்ஸ் பின்னால் போகவும் வழியில்லை, அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை வண்டி. எதிர்ப்பக்கம் முட்டை லாரி, காய்கறி லாரி, பால் வண்டி. அன்றைக்கு எங்கள் ஊர் சாப்பிட வேண்டியதெல்லாம் பாலத்தின் மேல் நனைந்துகொண்டு நின்றது.

"ஹெவி ஓடிக்குந்ந ஆரெங்கிலும் உண்டோ?" என்று, ஹெவி வண்டி ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடிப் போலீஸ்காரர் குரல் கொடுத்தார்.

நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன். டாங்கர் டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேச்சு குழறியது. ஆனாலும் கேட்டார்.

"கேஸ் ஓட்டுற பேப்பர் இருக்கா தம்பி? அது இல்லாத ஆளு கையில நான் சாவி குடுக்க மாட்டேன்."

"இருக்கு" என்றேன்.

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் காதைக் கிழித்தது. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், இதுவும் ஒரு வண்டிதானே என்று நினைத்துவிட்டேன்.

"அவருக்கு இல்லண்ணா. எனக்கு இருக்கு."

பின்னாலிருந்து என் மனைவி. பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த லைசென்ஸை எடுத்து நீட்டினாள். போலீஸ்காரர் அதை ஒரு தடவை பார்த்தார், இவளை இரண்டு தடவை பார்த்தார். டிரைவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என்ன பார்ப்பாய் என்று கேட்டார். அவள் செய்தே காட்டினாள். கூட்டத்தைப் பின்னால் தள்ளச் சொல்லி, எல்லாருடைய போனையும் அணைக்கச் சொல்லிவிட்டு, டாங்கரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வால்வு இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். அந்த மழையிலும் காதைக் கொடுத்துக் கேட்டாள். நான் நட்ட கல் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

டிரைவர் கையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். "உள்ள இருக்கறது அலையாட்டம் ஆடும் தாயி. பிரேக்க மிதிக்காத. தொடு, போதும்."

நான் வண்டிக்குப் பின்னால் நின்று கை காட்டினேன். எனக்கு அவ்வளவுதான் வேலை. பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம், மறுபடி பின்னால். ஒரு தடவை பின்சக்கரம் எதிர்ச்சுவரை உரசும் தூரத்துக்கு வந்துவிட்டது, நிறுத்து என்று கத்தினேன். அவள் அவசரப்படவில்லை. நாலாவது தடவை டாங்கர் நேராகி, ஓரம் ஒதுங்கி நகர்ந்தது. கிடைத்த இடைவெளியில் ஆம்புலன்ஸ் அவளைத் தாண்டிப் பறந்தது. டிரைவரை போலீஸ் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் எங்கள் லாரியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

பாலம் இறங்கி, வீடும் கரண்ட் கம்பியும் இல்லாத ஒரு வெட்டவெளியில் டாங்கரை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து கம்பெனி டிரைவர் வந்து சாவி கேட்டார். லைசென்ஸைக் காட்டுங்க சேட்டா என்றாள். அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. பார்த்த பிறகுதான் கொடுத்தாள்.

அப்புறம் கடையில் சாயா வாங்கிக் கொடுத்தேன். அவள் கிளாஸைத் தொடாமல், சக்கரம் சுவரில் உரசிடலையே என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். அப்போதுதான் அவள் எவ்வளவு பயத்தோடு ஓட்டியிருக்கிறாள் என்பதே எனக்கு உறைத்தது.

லாரியை மறுபடி நான்தான் எடுத்தேன். திருச்சூர் தாண்டியதும், பொய் சொன்னது தப்புதான் என்றேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தண்ணன் மயக்கத்துலயும் கேட்டாரு. நீங்க தெளிவா இருந்துக்கிட்டு பொய் சொன்னீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மீன்காரர் பிழைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. டாங்கர் டிரைவர் போலீஸ்காரரிடம் நம்பர் வாங்கி, இரண்டு வாரம் கழித்துப் போன் பண்ணினார். நான் எடுத்தேன், தங்கச்சியிடம் கொடு என்றார். கால் மணி நேரம் பேசினார்கள். எல்லாம் வண்டிப் பேச்சு.

அடுத்த மாதம் நானும் களமசேரிக்குப் போய் அதே வகுப்பில் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் வாத்தியார், பாலத்தில் நின்ற கேஸ் டாங்கரை ஒரு சேச்சி எடுத்துக் கொடுத்த கதையைச் சொன்னார். யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எழுந்து நின்று, அது என் மனைவிதான் சார் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பொய்யைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இத்தனை வருஷ ஓட்டத்தில் எத்தனையோ ஊருக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஆனால் தலை குனிந்ததும் நெஞ்சு நிமிர்ந்ததும் ஒரே நாளில் நடந்தது பாலத்தில் நின்ற அன்றைக்கு மட்டும்தான், அதை எனக்குக் கொடுத்தவள் இன்றும் பாலக்காடு தாண்டியதும் என்னை நகரச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் உட்காருகிறாள் என்பதுதான் என் வாழ்க்கையின் பெரிய பெருமை.