அக்குளில் செருகிய கையுறை

என் மனைவியின் தங்கைக்கு மின்னணுக் கருவிகளுக்கு உடம்பு வடிவமைக்கிற வேலை. உள்ளே இருக்கிற போர்டு இன்ஜினீயர் பாடு. கருவி கையில் எப்படி உட்கார வேண்டும், பட்டன் எங்கே வர வேண்டும் என்பது இவள் பாடு. அந்த வடிவத்தை எஃகில் குடைந்து, பிளாஸ்டிக் வார்க்க மோல்டு செய்வது நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு களிமண் கட்டியை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்பாள். விரல் பதிந்த கட்டிகள் ஜன்னலோரம் முழுக்கக் கிடக்கும். இவளை எவன் கட்டுவான் என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். கட்டினான் ஒருத்தன். அவன் விரலும் அந்த ஜன்னலில் இருக்கிறது.

போன வருடம் லைன்மேன்களுக்கு ஒரு கருவி செய்தோம். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று தொடாமலே சொல்லும். தடித்த ரப்பர் கையுறையோடுதான் அமுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் மாதிரியைப் பத்து லைன்மேன்களிடம் கொடுத்துக் கேட்டார்கள். பத்துப் பேரும் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் எஃகுக் கட்டியை மெஷினில் ஏற்றிவிட்டேன். அப்போது வந்து நின்றாள்.

"மாமா, நிறுத்துங்க."

"என்னம்மா, மறுபடியும் அரை மில்லிமீட்டரா?"

"இந்தப் போட்டோவப் பாருங்க."

பார்த்தேன். பத்துப் பேரும் சிரிக்கிறார்கள். கருவி கையில், கையுறை அக்குளில். புது வெள்ளைச் சாமான் அழுக்காகிவிடுமே என்று மரியாதைக்குக் கழற்றியிருக்கிறார்கள்!

அவளோடு வந்திருந்த இன்ஜினீயர் அசையவில்லை. "கையுறை போடணும்னு புத்தகத்துல இருக்கே. கழட்டினா அவங்க தப்பு."

"கம்பத்து மேல நின்னுக்கிட்டு எவன் சார் புத்தகம் படிப்பான்? பட்டன் அமுங்கலன்னா கழட்டுவான். அதே கையால கம்பியையும் தொடுவான்."

"பட்டனை நகர்த்தினா போர்டையே மாத்தணும். மூணு வாரம் ஆகும்."

"மாத்துங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் விடுவாளா? என் மெஷினுக்கு அடியில் வழிந்திருந்த கிரீஸை எடுத்து மாதிரி முழுக்கப் பூசினாள்.

"அடிப்பாவி! மூணு நாள் பாலிஷ் போட்டேன்!"

"அதான் மாமா வினையே."

இன்ஜினீயரையும் என்னையும் இழுத்துக்கொண்டு அதே பத்துப் பேரிடம் போனாள். அழுக்குச் சாமான் என்றதும் ஒருவரும் கையுறையைக் கழற்றவில்லை. ஏழு பேருக்குப் பட்டனே தட்டுப்படவில்லை. இரண்டு பேர் பக்கத்திலிருந்த அணைக்கும் பட்டனை அமுக்கினார்கள். இருப்பதிலேயே மூத்தவர், "அன்னைக்கு நல்லாத்தானே அமுங்குச்சு?" என்று தன் விரலையே திட்டிக்கொண்டு, கையுறையைப் பல்லால் கடித்து உருவப் போனார்.

இன்ஜினீயர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம்ணே. கழட்டாதீங்க."

மூன்று வாரம் என்றவர் பதினெட்டு நாளில் போர்டை மாற்றிக் கொடுத்தார். இப்போது முன்பக்கம் ஒரே பட்டன், தீப்பெட்டி அகலத்துக்கு. விரல் வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் ஒரு வரம்பு. அணைக்கும் பட்டன் பின்னால் போய்விட்டது.

"பாக்க லட்சணமாவே இல்லம்மா" என்றேன்.

"அமுங்குதா?"

அமுங்குகிறது.