தரையோடு தரையாக அறுத்த படி

கொடைக்கானலில் வெயில் என்றால் காலையில்தான். பதினொரு மணிக்கு மேல் மூடுபனி ஏறி வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பக்கவாதம் வந்து என் மனைவிக்கு வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, தினமும் ஒரு மணி நேரம் அவளை வெயிலில் உட்கார வைக்கச் சொன்னார் டாக்டர். சக்கர நாற்காலி வாங்கியாயிற்று. நாற்காலிக்கும் வெயிலுக்கும் நடுவே எங்கள் வாசல் நிலைப்படி நான்கு விரல் உயரத்துக்கு நின்றது.

பலகை சாய்த்துப் பார்த்தேன். பனி ஈரத்தில் வழுக்கி, நாற்காலி என் காலிலேயே ஏறியது. தனியாளாக அவளைத் தூக்க என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யோசனை சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். தினமும் காலையில் வந்து ஒரு கை பிடிக்கத்தான் ஆளில்லை.

படியை அறுத்து எடுத்துவிடலாம் என்று ஆசாரியைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"குடியிருக்கிற வீட்டுல நெலப்படி மேல ரம்பம் வைக்க மாட்டேங்க. அப்புறம் அந்த வீட்டுல மனுச மக்க தங்காது. வேற சோலி இருந்தாச் சொல்லுங்க, வெள்ளனே வந்து முடிச்சுத் தாரேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். உள்ளே கட்டிலில் இருந்த அவள் காதில் எல்லாம் விழுந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவள் அவள். அறுக்கட்டுமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாமென்று தலையை ஆட்டுவாள் என்று தெரியும்.

நான் ஓட்டல் ஒன்றில் குழாய், கரண்டு, கதவு எல்லாம் பார்க்கிறவன். ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டு வாத்தியார் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு சின்ன அறுக்கும் மிஷின் வாங்கி வைத்திருந்தேன். அதன் பிளேடு சுற்றாது. இருந்த இடத்திலேயே விறுவிறுவென்று ஆடும். கழுத்து வளைந்திருப்பதால் பிளேடைத் தரையோடு படுக்க வைத்து அறுக்கலாம். கைரம்பத்தில் அது நடக்காது, பிடி தரையில் இடிக்கும். உளியால் அடித்தாலோ பழைய மண்சுவரில் நிற்கிற நிலையே ஆடிப்போகும்.

பெட்டியில் மூன்று பிளேடு இருந்தன. பெரிய பல் வைத்த அகலமானது, மரத்தை வேகமாகத் தின்னும். பொடிப்பல் வைத்த ஒடுக்கமானது மெதுவாகத்தான் போகும், ஆனால் மரத்தோடு ஆணியையும் அறுக்கும். மூன்றாவது அரைவட்டம், நீளமான கோட்டைக் கோணாமல் இழுப்பதற்கு.

பனி வருவதற்குள் முடித்து அன்றைக்கே அவளை வெயிலில் உட்கார வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பெரிய பல்லை மாட்டினேன். படியில் அடித்திருந்த லாடத்தை முதலில் நெம்பி எடுத்தேன். கல்யாணமான புதிதில் ஏரி ரோட்டில் குதிரை உதிர்த்துவிட்டுப் போன லாடம் அது. வீட்டுக்கு நல்லது என்று அவள்தான் பொறுக்கி வந்து அடிக்கச் சொன்னாள். ஐந்து ஆணி அடித்தவன் நான். நான்கு ஆணிதான் வெளியே வந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

தரை கீறாமல் இருக்க ஒரு தகட்டைப் போட்டு, அதன் மேல் பிளேடைப் படுக்க வைத்து அறுத்தேன். அரை அடி போயிருக்கும். கிரீச்சென்று ஒரு சத்தம், ஒரு பொறி. எடுத்துப் பார்த்தால் பிளேடின் பாதிப் பல் காணோம். தலை ஒடிந்த ஐந்தாவது ஆணி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மிஷினைத் தரையில் வைத்துவிட்டு அந்த ஆணியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் என்னோடு பேச வேறு யார் இருந்தார்கள்?

பிறகு பொடிப்பல்லை மாட்டினேன். அழுத்தினால் மரம் கருகிப் புகைகிறது, பல்லும் மழுங்கும். அது போகிற போக்கில் விட வேண்டும். படியின் அகலத்துக்குப் பிளேடு நீளம் போதாததால் உள்ளேயிருந்து பாதி, வெளியேயிருந்து பாதி என்று அறுத்து நடுவில் சேர்த்தேன். இரண்டு ஓரத்திலும் நிலைக்காலை ஒட்டி மேலிருந்து கீழாக வெட்டினேன். படி கையோடு வந்தபோது மணி இரண்டு. வாசலில் பனி நின்றது.

மறுநாள் காலையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் அவள் இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். விடுவதாக இல்லை. தரையையும் சாமி மாடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து, படி இருந்த இடத்தில் தரையிலேயே நான் வைத்தேன். அந்த வேலையை நான் செய்தது அதுதான் முதல் தடவை. மூன்று பொட்டும் கோணல். பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். சக்கரம் சத்தமில்லாமல் வெளியே போனது.

ஒன்றரை வருடம் வெயில் கிடைத்தது அவளுக்கு. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வாசப்படியை அறுத்த வீடு என்று பேச்சாகிவிட்டது. வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நானும் உள்ளே கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அவள் போன அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். ஆசாரியும் வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்த நான்கு பேரும் வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் காலை உயரத் தூக்கினார்கள்.

"படி இருக்கு, பாத்துப் போங்கப்பா" என்றார் யாரோ.

"படி இல்லைங்க" என்றேன். "நேரா போங்க."