முதல் தடவை வந்தால் ‘ஏ’

எங்கள் அலுவலகத்தின் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ரெக்கார்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கே டைப்பிஸ்ட். பதினெட்டு இரும்பு அலமாரிகள், கூரைவரை கோப்புக் கட்டுகள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கோப்பைக் கேட்டாலும், கேட்டவர் நாற்காலியில் உட்கார்வதற்குள் அக்கா தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். கோப்பின் மேல் எழுதியிருப்பதெல்லாம் ஆங்கிலம். அக்கா அதைப் படித்து எடுப்பதில்லை. கட்டின் தடிமன், நாடாவின் நிறம், எந்த மூலையை எலி கடித்திருக்கிறது, இவைதான் அவருக்கு அடையாளம்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்த்ததாக ஒரு காகிதம் போடுவார்கள். அந்தக் கூத்துக்கும் நான்தான் டைப் அடிப்பேன். அக்கா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அலமாரிகளுக்கு நடுவே போய்விடுவார்.

போன வருஷம் ஒரு உத்தரவு வந்தது. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வருஷக் கடைசியோடு வீட்டுக்கு. கொத்தனாராக இருந்த அவருடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் ஐந்து வருஷமாகிறது. அந்த வீட்டில் வேலைக்குப் போவது அக்கா ஒருவர்தான்.

தனித்தேர்வுக்குப் பணம் கட்டினார். மற்ற பாடங்களில் முதல் முறையே தேறிவிட்டார், கணக்கில் எழுபத்தொன்று. ஆங்கிலம் மட்டும் முதலில் இருபத்தொன்று, அடுத்த முறை இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும். கெடு முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி.

“டைப்பிஸ்டம்மா, சாப்பாட்டு நேரத்துல ஒரு அரை மணி சொல்லித் தரீங்களா?” என்று வந்து நின்றார். நான் என்னமோ ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் கொஞ்சம் இருந்தது, அதுதான் வினை.

பத்தியைப் படித்து விடை எழுதும் கேள்விக்கு அவரிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுவார். கோப்பு தேடுகிற கைதானே! பாதி நேரம் சரியாக வந்துவிடும். கேள்வியில் ‘கோ’ என்றிருந்து பத்தியில் ‘வென்ட்’ என்று இருந்தால் மாட்டிக்கொள்வார்.

“இது என்ன அநியாயம்? நேத்து கோன்னு இருந்தது, இன்னிக்கு பேரை மாத்திக்கிட்டு தலைமறைவாயிடுச்சே. நான் எங்கன்னு போய் தேடுறது?”

சிரித்தோம். ஆனால் சில நாள் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். “எத்தனை தடவைதான் சொல்றதுக்கா!” என்று கத்தியிருக்கிறேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம். அவர் நோட்டைத் திருப்பிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எழுதுவார்.

வீட்டில் கணவர்தான் பரீட்சை வைப்பாராம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை மார்பில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்ப்பார். அக்கா தடுமாறாமல் சொன்னால் சரி, திணறினால் தப்பு. “உன் மூஞ்சியே சொல்லுது, மறுபடி சொல்லு” என்பாராம்.

உருப்படியாக வராத ஒன்று, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் ‘ஏ’யும் ‘தி’யும். நம் பேச்சில் இல்லாத சாமான் அது. கோடிட்ட இடத்தில் எதைப் போடுவது என்று கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல விழிப்பார். நான் யோசித்து ஒரு சூத்திரம் செய்துகொடுத்தேன். “அக்கா, ஒரு ஆள் கதையில முதல் தடவை வந்தா ‘ஏ’. நமக்கு பழகின ஆளாயிட்டா ‘தி’. அவ்வளவுதான்.”

“அட! புதுசா வந்தா ‘ஏ’, தெரிஞ்சவங்கன்னா ‘தி’. இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?”

அன்றிலிருந்து அதில் தப்பே வரவில்லை. விதிவிலக்குகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இப்போது சொன்னால் குழம்பிவிடுவார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு எழுதிவிட்டு மதியமே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “நான் உள்ள போனதும் பசங்க எல்லாம் எழுந்து நின்னு குட் மார்னிங் சொல்லுதுங்க. டீச்சர்னு நினைச்சுட்டாங்க போல. நான் போய் பெஞ்சுல உட்கார்ந்ததும் ஒண்ணை ஒண்ணு பார்க்குதுங்க!” என்றார். பிறகு கேள்வித்தாளை விரித்து, “உங்க சூத்திரம் வந்துச்சும்மா” என்று காட்டினார்.

‘சூரியன் கிழக்கில் உதிக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சூரியனுக்கு முன்னால் ஒரு கோடு, கிழக்குக்கு முன்னால் ஒரு கோடு.

“ரெண்டுக்கும் ‘ஏ’ போட்டேன். ரெண்டு பேரும் அந்த வரியிலதானே மொதல்ல வராங்க?”

நான் சொல்லாமல் விட்ட விதிவிலக்கு அது. “சரிக்கா, சரி” என்று மட்டும் சொன்னேன். மற்றவற்றில் தேறிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

முப்பத்துமூன்று வந்தது.

அன்று நானே ஆவண அறைக்குப் போய்ச் சொன்னேன். “அக்கா, உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான், எல்லாருக்கும் தெரியும்னா, முதல் தடவையே ‘தி’தான். சூரியன் அப்படி. கிழக்கும் அப்படி. அந்த ரெண்டு மார்க் என்னாலதான் போச்சு.”

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“குழம்பிடுவீங்கன்னு நினைச்சேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த கட்டின் நாடாவை அவிழ்த்து, இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினார். “கணக்கை எல்லாம் தனியா போட்டேன், இது புரிஞ்சிருக்காதா எனக்கு?” என்றார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

நான் அதிகாரியிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். ரெண்டு மார்க்தானே சார் என்று கெஞ்சினேன். “ரூல்ஸ்மா” என்று அவர் அடுத்த கோப்பைத் திறந்தார். அந்தக் கோப்பையும் அக்காதான் எடுத்துக்கொடுத்திருந்தார்.

வருஷக் கடைசியில் விடுவிப்பு உத்தரவை என்னையே டைப் அடிக்கச் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொடுத்தபடி நான்கு பிரதி அடித்து எடுத்துப்போனேன். வழக்கம்போல, “இங்க ஒரு கையெழுத்துக்கா” என்று காட்டினேன்.

அன்று அவர் உடனே போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியில் விரலை வைத்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் தன்னைப் பற்றி வந்த ஒரு காகிதத்தை அவர் படித்தது அதுதான் முதல் முறை. நான் சொல்லிக்கொடுத்த படிப்பு இதற்குத்தான் உதவியது என்று நினைத்தபோது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

விரல் மூன்றாவது வரியில் நின்றது.

“ஏ டெம்பரரி அட்டெண்டர், இன் தி ரெக்கார்ட் ரூம்” என்று திக்கித் திக்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “ரூமுக்கு ‘தி’ போட்டிருக்கீங்க. எனக்கு ‘ஏ’ போட்டிருக்கீங்களே. இந்த ரூம்ல நான் ஒருத்திதானேம்மா? எல்லாருக்கும் என்னைத் தெரியுமே?”

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார், சாப்பாட்டு நேரத்தில் கேட்பதுபோல. ‘ஏ’ போட்டது தப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். அழித்துவிட்டு வேறு அடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை அவருக்குத் தப்பாகச் சொல்லித்தர எனக்கு மனசு வரவில்லை.

“‘ஏ’ சரிதான்கா,” என்றேன். “இந்த மாதிரி வேலையில இருக்கிற நிறையப் பேர்ல ஒருத்தர்னு அர்த்தம். அதுக்கு ‘ஏ’தான் வரும்.”

அக்கா அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.

“அப்ப பரீட்சையில வந்திருந்தா இதையும் தப்பாதான் எழுதியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, நான்கு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.